தரையில் இருந்த கால்

ஊசி உடைந்த காலை

பெரம்பலூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். மெஷினில் உட்கார்ந்து தைக்கச் சேர்ந்தவள், பல வருடம் கழித்து இந்த வேலைக்கு வந்தேன். சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அதுதான். என் மகள் சங்கீதாவும் இதே ஃபேக்டரியில் தைப்பவள். நான் முதல் ஷிஃப்ட், அவள் ஜெனரல் ஷிஃப்ட். நான் முதல் வண்டியில் வந்துவிடுவேன், அவள் பின்னால் வரும் வேனில் வருவாள்.

எங்கள் லைனில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டும் கிடைக்கிற வரை லைன் ஓடக்கூடாது. முனை ஷூவுக்குள் தங்கிவிட்டால், அதைப் போடுகிற யாரோ ஒருவர் காலில் குத்தும். எந்த நாட்டுக் கால் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்து தேடுவோம்.

அன்று காலையும் ஒரு ஊசி உடைந்தது. எச்.ஆர். அதிகாரியே எங்கள் லைனுக்கு வந்து நின்றார்.

"கெடச்சுதாம்மா? ஃபோமுக்குள்ள போயிருக்கப் போவுது, நல்லா பாருங்க" என்றார்.

முனை கிடைத்தது. டேப்பில் ஒட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது அவருக்குத் தெரியும்.

எனக்கு டீ பிரேக்கில்தான் தெரிந்தது. ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும். கேட்டில் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டிப் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னக்கா இன்னும் இங்கயே நிக்கிறீங்க? பொண்ணப் பாக்கப் போவலியா?"

"எந்தப் பொண்ண?"

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, ஒங்ககிட்ட ஆரும் சொல்லலியா?"

எச்.ஆர். அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் எழுந்து நின்று பேசினார், மரியாதையாகத்தான் பேசினார்.

"பதட்டப்படுவீங்கன்னுதாம்மா சொல்லல. ஒங்க லைனுக்கு ஒரு ஆள் போட்டுட்டு அனுப்பலாம்னு இருந்தோம்."

"ஊசி தேடறப்ப லைன் நின்னுக்கிட்டுதான சார் இருந்துச்சு? அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மேஜை மேலிருந்த ஃபோனை எடுத்தார். "இப்பப் போயிட்டு வாங்க. அவுட் பாஸ் போடச் சொல்றேன்" என்றார்.

படி பிடிப்பது

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் எங்கள் ஊர்ப் பெண்களுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அரியலூர் சாலையில் இருக்கிறது. ஊர் சாலையின் ஒரு பக்கம், ஃபேக்டரிக்குப் போகும் வேன் வந்து நிற்பது எதிர்ப்பக்கம். ஊர்ப்பக்கம் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் வேன் ஒரு முறை திரும்பி, மறுபடியும் திரும்ப வேண்டும். சுண்ணாம்புக்கல் டிப்பரும் சிமெண்ட் லாரியும் இடைவெளி இல்லாமல் ஓடுகிற சாலை அது. திரும்புவதற்குள் நேரம் போய்விடும். சங்கு ஊதிய பிறகு வேன் கேட்டுக்கு வந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டு. அதனால் டிரைவர் எதிர்ப்பக்கமே நிறுத்தி ஹாரன் அடிப்பார், இரண்டு பேர் ஏறியதுமே வண்டியை நகர்த்தப் பார்ப்பார். டிப்பருக்கு வழிவிட்டு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் விட்டுப்போய்விடுவார்கள்.

இதற்குப் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தி முதலில் சாலையைக் கடந்து போவாள். இடது காலை வேன் படியில் வைத்து, வலது காலைத் தரையில் ஊன்றி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நிற்பாள். அவள் அப்படி நிற்கிற வரை டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. மற்றவர்கள் அவளை உரசிக்கொண்டு ஏறுவார்கள். கடைசி ஆள் ஏறியதும் அவள் தரையில் இருக்கும் காலைத் தூக்குவாள். இதற்கு 'படி பிடிப்பது' என்று பெயர். வாரத்துக்கு ஒருத்தி முறை.

டிரைவர் செல்வராஜ் பக்கத்து ஊர்க்காரர். வேன் அவருடையது, ஃபேக்டரிக்குக் கான்ட்ராக்டில் ஓடுகிறது. "இந்த வாரம் ஆரு பூட்டு?" என்று கேட்பாராம். "ஒங்க வண்டிக்குப் பூட்டு போட்டாத்தாண்ணே எங்களுக்குச் சோறு" என்று இவர்கள் சிரிப்பார்களாம். படி பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். ஃபேக்டரியில் வேன்களைக் கவனிக்கும் பொறுப்பாளருக்குத் தெரியும், எச்.ஆருக்கும் தெரியும். வேன் சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் சங்கீதாவின் முறை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். பரமேஸ்வரி மட்டும் இந்தப் பக்கம் நின்றாள். எங்கள் ஊர்தான், முழங்கால் வலிக்காரி, வேகமாகக் கடக்க முடியாது. டிப்பர் வரிசையாக வந்துகொண்டிருந்தது. செல்வராஜ் ஹாரன் அடித்தார். சங்கீதா காலை எடுக்கவில்லை. பரமேஸ்வரி ஒருவழியாகச் சாலையைத் தாண்டி வேனுக்குப் பின்னால் வரும்போது, நின்ற வேனை இடது பக்கமாக முந்தலாம் என்று ஒரு சரக்கு ஆட்டோ மண் ஓரத்தில் புகுந்தது. தரையில் ஊன்றியிருந்த என் மகளின் வலது பாதத்தின் மீது ஏறி இறங்கி, நிற்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சொன்னது

அதே வேனில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது செல்வராஜ்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தியதும் அவர் பெண்களிடம் சொன்னார்.

"ரோட்டுல நடந்துச்சுன்னா போலீஸ் கேசு ஆவும். வண்டியக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல நிறுத்திருவாங்க. எத்தன நாள்னு சொல்ல முடியாது. அப்பறம் நீங்கல்லாம் எதுல வேலைக்குப் போவீங்க? வூட்டு வாசல்ல சறுக்கி வுழுந்துட்டான்னு சொல்லிருங்க தாயி."

எங்கள் பக்கம் இது புதிது இல்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே என்ன சொல்வது என்று பேசிவைத்துக்கொள்வார்கள். போலீஸ் என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். அடிபட்ட நேரத்தில், சொல்லும் காரணம் பின்னால் எதற்குத் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பரமேஸ்வரி டாக்டரிடம் அப்படியே சொன்னாள்.

"வாசல்ல விழுந்தா கால் இப்படியா நசுங்கும்?" என்று அவர் கேட்டாராம்.

"கருங்கல்லு கெடந்துச்சு சார்."

டாக்டர் மறுபடி ஒரு முறை கேட்டிருக்கிறார். இவள் கருங்கல்லிலேயே நின்றுவிட்டாள். வீட்டு வாசலில் விழுந்து அடி என்று பதிவாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சங்கீதாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பரமேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்காவ நின்னாக்கா. எனக்காவத்தான் நின்னா."

அப்போது எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பெண் நடப்பாளா என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. பதிவில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. போலீஸ் வராததால் அந்தச் சரக்கு ஆட்டோவை யாரும் தேடவும் இல்லை.

எந்தக் கால்?

கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் பாதம் பழையபடி மடங்கவில்லை. தையல் மெஷினின் பெடலை வலது காலால்தான் அழுத்துவோம். முன்பாதத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நூல் அறுக்கும். சங்கீதாவின் பாதத்துக்கு இரண்டும் இல்லாமல் போனது.

சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். அதில் சாதாரண நோய் என்றால் ஒரு கணக்கு, வேலைக் காயம் என்றால் வேறு கணக்கு. நோய் என்றால் குறைவான தொகை, அதுவும் கொஞ்ச காலத்தில் நின்றுவிடும். வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டால், ஊனம் நிலைத்துவிட்டால் ஆயுள் வரைக்கும் மாதத்தொகை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் அடிபட்டால் அதுவும் வேலைக் காயம்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருடம் ஃபேக்டரியில் இருந்த எனக்கே இது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு முறைகூட யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் மாதாமாதம் வகுப்பு எடுப்பார்கள்.

விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லி எச்.ஆர். அதிகாரியிடம் போனேன்.

"ஆஸ்பத்திரியில வீட்டு வாசல்னு சொல்லியிருக்கீங்களேம்மா" என்றார்.

"வேன் டிரைவர் அப்படிச் சொல்லச் சொன்னாரு சார்."

"வேன் கான்ட்ராக்ட். அவரு நம்ம ஸ்டாஃப் கெடயாது." பேனாவை எடுத்தார். "சரி, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம். எந்தக் கால்ல அடி?"

"வலது கால்."

"அது எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சுன்னா?"

"படியில இருந்துச்சா, தரையில இருந்துச்சா?"

"தரையில."

"அப்ப அது நம்ம வண்டியில இல்லல்லம்மா?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இடது கால் மட்டும் டூட்டிக்கு வந்துச்சா சார்? வலது கால் லீவா?"

"நல்லாத்தான் பேசறீங்க. வண்டிக்குள்ள ஏறுனாத்தான் எங்க பொறுப்பு. ரூல் ரூல்தாம்மா."

ரூல் என்றால் எல்லா நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்குக்குப் பிறகு வந்தால் வேனில் இருக்கிற அத்தனை பேருக்கும் வெட்டுகிறார்களே, அப்போது அந்த வேன் யாருடையது? தாமதத்துக்குத் தண்டனை கொடுக்கும்போது வேன் ஃபேக்டரியின் ஒரு அறை மாதிரி. ஒரு பெண்ணின் கால் நசுங்கினால் மட்டும் அது யாரோ ஒரு கான்ட்ராக்டரின் வண்டி. அவர்கள் சங்குக்குப் பயந்துதான் அவள் அந்தக் காலை அங்கே ஊன்றினாள். வேடிக்கை பார்ப்பதற்காகவோ பூ வாங்குவதற்காகவோ யாரும் அரியலூர் சாலையில் ஒற்றைக் காலில் நிற்பதில்லை.

விபத்து அறிக்கை போகவில்லை. நானே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அதிகம் பேசாதவர், அன்று பேசினார்.

"ஊனம்னு எழுதி வாங்கிட்டு வந்தா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? கொஞ்ச நாள் போனா சரியாயிரும். நீயா தம்பட்டம் அடிக்காத."

நான் வாயைத் திறப்பதற்குள் சங்கீதா சொன்னாள். "வர்றவன் முன்னாடி நான் நடக்காமயேவாப்பா உக்காந்திருக்கப் போறேன்? என்னால பெடல் மிதிக்க முடியல. வேலைக்குப் போறப்பதான் இப்படி ஆச்சுன்னு ஆராச்சும் ஒருத்தர் ஒத்துக்கட்டும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

நாலு பேர்

கிளை அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு பெண். எரிந்து விழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "சட்டம் இருக்கும்மா. ஆனா இதுல வீட்டு வாசல்னு இருக்கு. அவங்க வேலைக்குத்தான் கெளம்பினாங்க, அந்த வேன்லதான் ஏறினாங்கன்னு பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும்" என்றார். விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்.

வேனில் அன்று எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் சங்கீதாவைச் சேர்க்காமல் பதினோரு பேர். வீடு வீடாகப் போனேன். காப்பி கொடுத்தார்கள், சங்கீதாவை விசாரித்தார்கள். விசாரணை என்றதும் பேச்சு நின்றுவிடும். அதற்குள் வேன் பொறுப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: சாட்சி கீட்சி என்று யாராவது கிளம்பினால் அந்த ஊருக்கு வண்டியே வராது. பஸ்ஸில் போனால் ஜெனரல் ஷிஃப்டைப் பிடிக்கவே முடியாது. ஒரு பெண் என்னிடம் நேராகவே கேட்டாள்.

"ஒங்க பொண்ணுக்கு ஞாயம் கெடைக்கும்க்கா. நாங்க பதினோரு பேரு வூட்ல ஒக்காந்துருவோம். அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கும்படி வைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

பரமேஸ்வரி மட்டும் வருகிறேன் என்றாள். விசாரணை நாளில் அவளோடு இன்னும் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நாலு பேருக்கும் அன்று சம்பளம் கிடையாது. ஃபேக்டரி சார்பில் எச்.ஆர். அதிகாரி வந்திருந்தார். இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெயர்களை மனதில் வாங்கிக்கொள்கிற பார்வை அது.

கிளை அலுவலக அதிகாரி பரமேஸ்வரியிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரியில வாசல்ல விழுந்தான்னு சொன்னதும் நீங்கதான். இப்ப வேன்னு சொல்றதும் நீங்கதான். எதம்மா நான் நம்பறது?"

"அன்னிக்கி வண்டிக்காவப் பேசுனேன் மேடம். இன்னிக்கி அந்தப் புள்ள காலுக்காவப் பேசறேன்."

படி பிடிப்பது என்றால் என்ன என்று அதிகாரிக்குப் புரியவில்லை. பரமேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற முழங்காலோடு ஒரு காலை அதன் மேல் தூக்கி வைத்தாள். மற்றொரு காலைத் தரையில் ஊன்றி, அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்படித்தான் நிக்கணும். வாரத்துக்கு ஒருத்தி."

"படியில நிக்கிறது பாதுகாப்பு விதிக்கே விரோதம் மேடம்" என்றார் எச்.ஆர். அதிகாரி.

"தெனமும் நின்னாங்களே, ஒரு நாளாவது தடுத்தீங்களா?" என்று கேட்டார் கிளை அதிகாரி.

பரமேஸ்வரி நாற்காலியிலிருந்து காலை எடுக்காமலே எச்.ஆர். பக்கம் திரும்பினாள். "சார், அந்தக் கீழ இருந்த கால எடுத்துட்டு ஏறியிருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. வண்டி போயிருக்கும். எனக்கு அன்னிக்கி வேலை போயிருக்கும், அவ்ளோதான். எனக்காவத்தான் அந்தக் கால் அங்க இருந்துச்சு. நான் எங்க சார் போயிட்டிருந்தேன், கோயிலுக்கா? ஒங்க ஃபேக்டரிக்குத்தான வந்தேன்?"

அப்போதுதான் வாசலில் செல்வராஜ் நிற்பதைப் பார்த்தேன். அவரை யாரும் அழைக்கவில்லை. முந்தின நாள் வேனில் பரமேஸ்வரி அவரை என்ன கேட்டாளோ, அது எனக்குத் தெரியாது. உள்ளே வந்து உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"வூட்டு வாசல்னு சொல்லச் சொன்னது நான்தாங்க. என் வண்டிப் படியிலதான் அந்தப் பொண்ணு நின்னுச்சு. தெனமும் ஆராச்சும் நிப்பாங்க. எனக்கும் தெரியும், இந்த சாருக்கும் தெரியும்."

வராத ஏழு பேர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்றும் அவர்களோடு சிரித்துத்தான் பேசுகிறேன். ஆனால் அந்த நாலு பேரைப் பார்த்தால் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். மெடிக்கல் போர்டு சங்கீதாவின் பாதத்தைப் பார்த்து ஊனம் நிலைத்தது என்று முடிவு சொன்னது. எச்.ஆர். அதிகாரி என் லைனுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களாம்மா, கம்பெனி ஒங்களக் கைவிடல" என்றார். நான் கையில் இருந்த ஷூவின் மேல்பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

செல்வராஜின் கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். வேறு வேன் வருகிறது. அதன் கதவில் 'படியில் நிற்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வேன் நிற்பது அதே எதிர்ப்பக்கம்தான். சங்கும் வெட்டும் மாறவில்லை. சங்கீதா இப்போது நடக்கிறாள், கொஞ்சம் சாய்ந்து. வீட்டில் கையால் சுற்றும் மெஷினில் ஊர்க்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அவள் கடைக்குக் கிளம்பினால்கூடத் திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வழியில் அடிபட்டால், எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், எந்த வண்டியில், எப்படி நடந்தது என்பதை ஆஸ்பத்திரியில் முதல் தடவையே உள்ளபடி சொல்லுங்கள். வண்டி போய்விடும், ஷிஃப்ட் போய்விடும் என்று யார் கெஞ்சினாலும் சொல்லுங்கள். வேலைக்காக வீட்டிலிருந்து எடுத்து வைக்கிற அடியும் வேலையில் சேர்ந்ததுதான். அது சட்டத்தில் இருக்கிறது, யாரும் தூக்கிக் கொடுக்கிற தர்மம் இல்லை. அதைவிட முக்கியமாக, யாரும் படி பிடிக்காதீர்கள்.

இதைப் பரமேஸ்வரியிடம் சொன்னபோது, "படி புடிக்காம எப்பிடிக்கா ஏறுறது?" என்று கேட்டாள். போன திங்கட்கிழமை அவளே அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தாள். புது வேன் எதிர்ப்பக்கம் வந்து நின்று ஹாரன் அடித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் சாலையைக் கடக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரும் ஊர்ப்பக்கமே வரிசையாக நின்றார்கள். டிரைவர் கத்தினார், ஃபோனில் யாரிடமோ பேசினார், கடைசியில் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்று வேனில் இருந்த எல்லோருக்கும் அரை நாள் வெட்டினார்கள்.

மறுநாளும் யாரும் கடக்கவில்லை.